ஏற்காடு முதலில், மேட்டூர் கடைசியில்

பள்ளி விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, ஆறும் ஏரியும் இருக்கிற ஊராகப் பார்த்துப் போய்வர என் மகள் திட்டம் போடுகிறாள். கொஞ்ச நாளாகக் கைப்பேசியில் இதே வேலைதான். படகில் சின்னவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்களா, தங்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே தடுப்பு உண்டா, அங்கே பால் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறாள். "நீ ஒண்ணுமே சொல்ல மாட்டியாம்மா?" என்று நேற்றுக் கேட்டாள். நான் பொதுவாகவே ஒன்றும் சொல்லாதவள். ஆனால் ஆற்றையும் ஏரியையும் பார்க்க ஒரு குடும்பம் திட்டம் போட்டதை நானும் ஒருமுறை கூட இருந்து பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே, வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் விடுமுறைக்கு ஆற்றுக்குப் போவது என்று ஒன்று கிடையாது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் வயலில் வேலை வந்துவிடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு யாரும் கிளம்ப முடியாது. வேலை இல்லாமல் சும்மா இருக்கிற மாதங்களில் ஆற்றில் மணல்தான் இருக்கும். மணலைப் பார்க்க யார் காசு செலவழித்துப் போவார்கள்?

அந்த வருடம் சும்மா இருப்பது நீண்டுகொண்டே போனது. இரண்டு வருடமாகக் குறுவை நடவே இல்லை. சம்பாவிலும் பாதி பதர். சாயங்காலம் ரேடியோவில் செய்தி முடிந்து மேட்டூர் அணையின் நீர்மட்டம் சொல்லும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. கேட்டு முடித்ததும் அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். மட்டம் இறங்கியிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா லீவில் வந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அப்பாவுக்கும் அதே இடத்தில் சொல்லி வைத்திருந்தார். அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பின்னாலேயே கிளம்பிவிடலாம். அப்பா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அவர் போவதில் துளியும் இஷ்டமில்லை. ஆனால் ஆசையாக வந்து நிற்கிற கொழுந்தனாரிடம் அதை நேராகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு இதில் பெரிய கவலை எதுவும் இல்லை. அப்பா போனால், திரும்பி வரும்போது பெட்டி நிறைய சாக்லேட் வரும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது சித்தப்பா சொன்னார். "அண்ணே, புள்ளைங்களுக்கு லீவு வுட்டாச்சு. எல்லாரும் ஒரு டூர் போயிட்டு வருவோம். மொதல்ல ஏற்காடு ஏரில போட்டு சவாரி. அப்புறம் மேட்டூரு, அங்க பரிசல். வண்டியும் பேசிட்டேன்."

அதற்குமுன் நாங்கள் பார்த்த படகெல்லாம் நாகப்பட்டினம் கரையில் ஏற்றி வைத்திருந்த மீன்பிடிப் படகுகள்தான். ஏறியது கிடையாது. தம்பி எழுந்து இலையைச் சுற்றி ஆடினான். நான் ஆடவில்லை. வாயில் இருந்த சோற்றை விழுங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், அசைந்தால் பேச்சு கலைந்துவிடும் என்பதுபோல.

கலைக்கிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள்.

"மாடு இந்த வாரமோ அடுத்த வாரமோ கன்னு போடும், தம்பி."

"பக்கத்து வீட்ல சொல்லிட்டேன் அண்ணி. பாத்துக்குவாங்க."

"சின்னவனுக்குச் சளி."

தம்பி மூச்சை இழுத்துக் காட்டி, "எனக்குச் சளியே இல்ல" என்றான்.

"மலைமேல குளிரும்பாங்க. ஸ்வெட்டருக்கு எங்க போறது?"

சித்தப்பா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து இரண்டு ஸ்வெட்டர்களைக் கொண்டுவந்து வைத்தார். விலைச்சீட்டுகூடப் பிய்க்காத புது ஸ்வெட்டர்கள். அம்மா அவற்றைத் தொடவில்லை. "தண்ணின்னா எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அப்பா இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாளில் மதகுக்கு இந்தப் பக்கம் முங்கி அந்தப் பக்கம் எழுகிறவள் அம்மா. எனக்கும் தம்பிக்கும் நீச்சல் கற்றுக்கொடுத்தது அவள்தான்.

"மதகுல முங்குறவ நீ" என்றார் அப்பா.

"அது நம்ம தண்ணி" என்றாள் அம்மா.

"மேட்டூர மொதல்ல பாத்துட்டா என்ன?" என்று அப்பா சித்தப்பாவிடம் கேட்டார். "அது கடைசிலண்ணே. அதப் பாத்துட்டு நேரா ஊருக்குத் திரும்பிடுவோம்" என்றார் சித்தப்பா. அந்த வரிசையில்தான் அவர் சாமர்த்தியம் இருந்தது. வறண்டு கிடக்கிற அணையைக் கண்ணால் பார்த்தபின் அண்ணனுக்கு நிலத்தின்மேல் இருக்கிற ஆசை விட்டுப்போகும், திரும்புகிற வழியிலேயே அந்த ஒரு வார்த்தை வந்துவிடும் என்று அவர் நினைத்தார். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், அதனால்தான் பயந்தாள். சித்தப்பா கெட்டவர் இல்லை. அண்ணன் வெயிலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவிடம் இருந்த காரணங்கள் தீர்ந்துவிட்டன. தீர்ந்ததும் புளியோதரை கிளறினாள். இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி வாழை இலையில் கட்டினாள். துணி காயப்போடும் கொடி கட்ட வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றை இரண்டாக வெட்டிப் பையில் போட்டாள். அது எதற்கு என்று ஏற்காட்டில்தான் தெரிந்தது.

ஏற்காடு ஏரியில் படகில் ஏறும் முன் என் இடுப்பில் ஒரு கயிறு, தம்பி இடுப்பில் ஒரு கயிறு கட்டி, இரண்டு முனைகளையும் அம்மா தன் இடுப்பில் முடிந்துகொண்டாள். பக்கத்துப் படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கன்னுக்குட்டிய ஓட்டிட்டு வந்த மாதிரி இருக்கு அண்ணி" என்றார் சித்தப்பா. வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதனால் அந்த ஏரியில் நான் அதிகமாகப் பார்த்தது படகின் அடிப்பலகையைத்தான்.

அப்பா ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு துடுப்புப் போட்டவரிடம், "இந்த ஏரி எத்தனை வேலிக்குப் பாயுதுங்க?" என்று கேட்டார். அவருக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்து நில அளவு அவருக்கு எப்படித் தெரியும்? சித்தப்பா விளக்கினார்.

"இது பாசனத்துக்கு இல்லீங்க. போட்டு வுடறதுக்கு."

"போட்டுக்கு மட்டுமா?"

"ஆமாங்க. சுத்தி வருவாங்க, போட்டோ புடிப்பாங்க, போயிருவாங்க."

கரைக்கு வந்ததும் அப்பா இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, "இவ்வளவு தண்ணிய வேலவெட்டி இல்லாம வச்சிருக்காங்களே" என்றார். வேலை இல்லாமல் இருப்பது மனிதருக்கு மட்டுமில்லை, தண்ணீருக்கும் கூடாது என்பது அவர் எண்ணம்.

அன்று சேலத்தில் ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு, மறுநாள் மேட்டூருக்குப் போனோம். அணையைத் தாண்டி, நீர் தேங்குகிற பகுதியில் பண்ணவாடி என்கிற இடத்துக்குச் சித்தப்பா வண்டியை விடச் சொன்னார். தண்ணீர் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி முழுசாக வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்திருந்தது. காலுக்கடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கொஞ்ச தூரம் நடந்தால், அணையின் நடுவிலேயே பச்சையாக ஒரு வயல். எள்.

"பாத்தீங்களாண்ணே" என்றார் சித்தப்பா. "அணைக்குள்ளயே எள்ளு போட்டிருக்காங்க. இனிமே கடைமடைக்கு எங்கேருந்து வரப்போவுது தண்ணி?"

அவர் காட்ட நினைத்ததைக் காட்டிவிட்டார். வண்டியிலிருந்து இறங்கியதுமே எங்கள் இடுப்பில் மறுபடி கட்டிவிட்ட கயிறுகளை இழுத்துப் பிடித்தபடி அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எள்ளுக்குள் இறங்கி, ஒரு செடியின் அடிக்காயை நகத்தால் கீறிப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து அப்பா வயதுள்ள ஒருவர் எழுந்து வந்தார்.

"யாருங்க அது, காயில கை வெக்கறது?"

"பக்குவம் பாத்தேன். இன்னும் பாலாத்தான் இருக்கு."

"எந்த ஊருங்க?"

"கீழ்வேளூர் பக்கம். கடைமடை."

"தஞ்சாவூர் ஜில்லாங்களா?" அவர் முகம் மாறிச் சிரிப்பு வந்தது. "அப்ப தண்ணி எப்ப வரும் எப்ப வரும்னு ரேடியோவுல காத வெச்சிட்டு உக்காந்திருக்கறவங்க நீங்கதானா?"

"ஆமா. நீங்க?"

"நானும் அதே ரேடியோதானுங்க கேக்கறேன். இன்னும் வரக்கூடாதுன்னு."

அந்தக் கோடையில் அப்பா வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். இருவரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். எள்ளுக்காரர் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தார். உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. பரிசல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் சேர்த்துத் தம்பி அழுதான். சித்தப்பா எங்களையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தண்ணீர்க் கரைக்கு நடந்தார்.

அங்கே அம்மா ஒரு காரியம் செய்தாள். எங்கள் இடுப்புக் கயிறுகளை அவிழ்த்துப் பையில் போட்டுவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் முதல் ஆளாகப் பரிசலில் ஏறி உட்கார்ந்தாள். எங்கள் வாய்க்காலுக்கு வரும் அந்தத் தண்ணீரில் கையை விட்டு ஒரு வாய் அள்ளிக் குடித்தாள்.

"இங்க ஆழம் எவ்வளவு இருக்கும்?" என்று பரிசல்காரரிடம் கேட்டாள்.

"இது பழைய ஆத்துத் தடமுங்க. எவ்வளவு காஞ்சாலும் இங்க தண்ணி நிக்கும். குடகுல மழன்னு சொல்றாங்க. வந்துரும்."

அவர் துடுப்பை ஒருபக்கமாகப் போட்டதும் பரிசல் சுழன்றது. நந்தி, கரை, மலை, சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை எல்லாம் என்னைச் சுற்றி ஓடின. தம்பி கத்தினான். நானும் கத்தினேன் என்று அம்மா பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள். எனக்கு அது நினைவில்லை. இன்னும் சுற்றுங்கள் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

திரும்பி வந்தபோதும் அப்பா அங்கேயேதான் இருந்தார். எள்ளுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "போன தடவ பூவுல இருக்கறப்பவே தண்ணி ஏறிருச்சுங்க. ஒரு காயி வீட்டுக்கு வரல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க, வடிஞ்சதும் மறுபடி வெதச்சோம். வண்டல் கெடக்குதில்லீங்க."

அப்பா ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலால் பொடித்தார். "எங்க ஊருக்கு வர வேண்டிய வண்டலையெல்லாம் நீங்க இங்க புடிச்சு வச்சுக்கிட்டீங்க."

"தண்ணிய வுட்டுர்றமில்லீங்க" என்றார் அவர்.

வண்டி கிளம்பியது. முன்சீட்டில் இருந்த சித்தப்பா சேலம் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டுத் திரும்பினார். "என்னண்ணே, எல்லாத்தையும்தான் பாத்துட்டீங்க. நான் போறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடுங்க."

அப்பா மடியில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் தலையைச் சரிசெய்தார்.

"அந்த எள்ளு இன்னும் முத்தல" என்றார். "பாவம், அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிடட்டும். அதுக்கப்புறம் தண்ணி ஏறுனா போதும்."

சித்தப்பா காத்திருந்தார்.

"நமக்கும் நாத்தங்கால் உழுவணும். வாய்க்கால் வெட்டணும். அதுக்கு நாளு சரியா இருக்கும்."

சித்தப்பா அண்ணனையே பார்த்தார். பிறகு, "ஆள மாத்தலாம்னு கூட்டிட்டு வந்தா நீங்க எள்ளுக்காரனுக்கு வேண்டிக்கிறீங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டு முன்பக்கம் திரும்பி, நல்ல டீக்கடையாகப் பார்த்து நிறுத்தும்படி டிரைவரிடம் சொன்னார்.

அப்போதுதான் நான் அம்மாவைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, முந்தானையால் வாயை அழுத்திப் பிடித்திருந்தாள். தோள்கள் குலுங்கின. வண்டி ஓட்டம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வரப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. டிரைவரிடமிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி அவள் மூக்கருகே நீட்டினேன். அம்மா அதை வாங்கி முகர்ந்தாள். கண்ணெல்லாம் நனைந்திருக்க என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாந்தி வருகிறவர்கள் இவ்வளவு சந்தோஷமாகச் சிரிப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.