பத்து வயது வித்தியாசம்

அவர்கள் தட்டத்தோடு வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே மகனின் சாதகக் குறிப்பு. என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. குறிப்புக்குரியவனுக்கு இருபத்தைந்து. அவளுக்குக் கணக்கு ரியூசன் சொல்லிக் கொடுத்தவன்.

அவன் என்ன செய்தான் என்று இங்கே எழுத மாட்டேன். அது மகளின் கதை. வேண்டுமென்றால் அவள் சொல்லட்டும். அவள் என்னிடம் சொன்னாள். நான் அவளைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்காகத்தான், கனடாவில் நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டில் பாதிச் சனம் இன்று என்னோடு கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும்.

வந்தது அவனுடைய தாயும் ஒரு கோயில் சபைக்காரரும். சபைக்காரர்தான் கதைத்தார்.

"தங்கச்சி, பத்து வயது வித்தியாசம் எண்டுறது நல்ல பொருத்தம். எனக்கும் மனிசிக்கும் பதினொண்டு. பிள்ளைக்குப் பதினெட்டு முடியக் கலியாண எழுத்தை வைப்பம். இப்ப நீங்கள் பொலிசிட்டை, இது எங்கடை குடும்ப விசயம் எண்டு சொன்னால் காணும்."

கல்யாணம் பேசும்போது எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்லும் அதே பத்து வயதுதான் இங்கே குற்றம். பொலிசில் இருந்த பெண் எனக்கு விளக்கமாகச் சொன்னாள். பதினாறு ஆகாத பிள்ளை ஓம் சொன்னாலும் அது செல்லாது. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு விலக்கு உண்டு: மற்றவர் அவர்களைவிட ஐந்து வயதுக்கும் குறைவாகவே மூத்தவராக இருக்க வேண்டும். ஆனால் படிப்பிக்கிற இடத்தில் இருப்பவனுக்கு அந்த விலக்கும் இல்லை. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

"அண்ணை, சட்டம் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"சட்டம் என்ன சட்டம்? முந்தி இங்கை பதினாலுதானே. பிறகுதானே பதினாறாக்கினவங்கள். நாளைக்குத் திருப்பியும் மாத்துவாங்கள்."

"அப்ப மாத்தும் வரைக்கும் உவனை வீட்டுக்குள்ளை வைச்சிருங்கோ."

தாய் அழத் தொடங்கினார். "அவன் இன்னும் சிற்றிசன் எடுக்கேல்லை. தண்டிச்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். நீரும் ஒரு தாய்தானே?"

"ஓம், தாய்தான். அதாலைதான் பொலிசுக்குப் போனனான்."

மேலே படியில் நின்ற மகள் இறங்கி வந்தாள். அவள் அழவில்லை. "அங்கிள், ஐ ஆம் இன் கிரேட் டென். மண்டே எனக்கு சயன்ஸ் ரெஸ்ட். நான் ஆரையும் கட்டப் போறதில்லை. ப்ளீஸ் கோ."

சபைக்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. கதிரையில் இருந்த என் கணவரைப் பார்த்தார். தட்டத்தைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினார். எங்கள் ஆட்களிடம் தட்டத்தைக் கையில் வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி. வாங்கிய பிறகு மாட்டேன் என்றால் வாக்குத் தவறியவர் என்ற பெயர் சாகும்வரை போகாது. இது சபைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

என் கணவர் பெரியவர்களுக்கு முன்னால் எப்போதும் தலையாட்டுகிற மனிதர். அவர் எழும்பினார். இரண்டு கைகளையும் நீட்டித் தட்டத்தை வாங்கினார்.

மகள் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப சரி தம்பி," என்று சபைக்காரர் சிரித்தார்.

என் கணவர் வாசல் கதவைத் திறந்து, சப்பாத்தும் போடாமல், காலுறையோடு ஸ்னோவுக்குள் இறங்கினார். அவர்களுடைய கார் வரைக்கும் நடந்து, அதன் மூக்கின்மேல் தட்டத்தை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பாத்துப் போங்கோ," என்றார். "வாக்கு ஏற்கெனவே பொலிசிலை குடுத்திட்டம்."

"உன்ரை பிள்ளையை இனி ஆர் கட்டுவான் எண்டு பாப்பம்," என்றார் சபைக்காரர்.

"அவளுக்கு மண்டே ரெஸ்ட்," என்றேன் நான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. கோர்ட்டில் எங்களுக்குப் பின்னால் ஒருவரும் வந்து இருப்பதில்லை. மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம், மகள் நடுவில். அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டாள்.