மூணு கோயிலுக்கு ஒரு பெட்டி

மைக் வாடகைக்குக் குடுக்கிறவனுக்குத் தொழுகை ஒரு பள்ளியில எண்டாலும், தொழில் எல்லாக் கோயில்லயும்தான். சாய்ந்தமருதில எனக்கு ஒரு சின்ன ஒலிபெருக்கிக் கடை. மார்கழி வந்தா நத்தார், கிறிஸ்மஸ் எண்டு கல்முனைப் பக்கத்து வேதக் கோயில்கள் என்னைத் தேடும். கதிரை, தகரப்பந்தல், ஜெனரேட்டர் எண்டு வாடகைக்கு விட்டு மாரடிக்கிற சகோதரங்களே, என்ட பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

எருமை

கத்தோலிக்கக் கோயில்ல பாலன் குடிலுக்கு லைட் கட்டப் போனன். பெத்லகேம் எண்டாங்க. பார்த்தா நம்மட வயல்! வைக்கோல் வேஞ்ச வாடி, வரம்பு, வாய்க்கால்ல உண்மையான தண்ணி. இடையர் எல்லாம் சாரம் கட்டி நிக்கிறாங்க, ஒருத்தன்ட தோள்ல மண்வெட்டி. மாடு நிக்கவேண்டிய இடத்தில களிமண்ணால செஞ்ச கறுத்த எருமை.

என்ட வாய் சும்மா கிடக்குமா? "ஈசா நபி பொறந்த ஊர்ல எருமை இருந்திச்சா அண்ணன்?" எண்டு கேட்டுட்டன். குடில் கட்டின அந்தோனி அண்ணன் எருமைப் பட்டி வச்சுத் தயிர் விக்கிற மனிசன். களிமண் கையோட நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மூணு ராசாமாரும் எவ்வளவு தூரத்தில இருந்து வாறாங்க. எருமை இல்லாட்டி அவங்களுக்குத் தயிர் எங்க வாங்கிற தம்பி?"

சத்தம்

பழைய புரட்டஸ்தாந்துக் கோயில் ஒண்டு, வேற கடைக்காரனை விட்டுட்டு இந்த வருசம்தான் என்னைப் பிடிச்சது. அங்க பாட்டுக் குழுவுக்குப் பொறுப்பு பொன்மலர் டீச்சர். நத்தாருக்கு முந்தின ஞாயிறு, அவங்கட பாட்டு ஆராதனைக்கு என்ட ஒரே பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டு போய் வச்சு, புதுக் கிராக்கிக்கு நம்மட தரத்தைக் காட்டுவம் எண்டு சத்தத்தை நல்லாத் தூக்கி விட்டன். டீச்சர் கண்ணாடியைக் கழட்டிக்கிட்டு வந்தா.

"ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும் மனே. குறை."

அடுத்த நாள் பெந்தெகொஸ்தே சபை. ட்ரம் செட், கீபோட், கைதட்டு. பாடம் படிச்சவனாச்சே, சத்தத்தைக் குறைச்சு வச்சன். என்னை அண்ணன் முறை வச்சுக் 'காக்கா' எண்டு கூப்பிடுற பாஸ்டர் ஓடி வந்தார். டீச்சர் சொன்னதை அப்பிடியே அவருக்குச் சொன்னன்.

"ஆண்டவருக்குக் கேக்கும் காக்கா. றோட்டுக்கு அங்கால இருக்கிற ஆக்களுக்கும் கேக்க வேணாமா?"

ரெண்டு வாக்கு

இனித்தான் வினை. டீச்சர்ர கோயில்ல பாட்டும் பாடியாச்சு, எனக்குத் தின்னக் கேக் துண்டும் தந்தாச்சு. அதோட அவங்கட நத்தார் முடிஞ்சுது எண்டு நினைச்சன். பாட்டு ஒரு நாள், பெருநாள் வேற நாள் எண்டு எனக்கு ஆரு சொன்ன? பெட்டியை நத்தார் அண்டைக்கு மச்சான்ட மகன்ட வலீமா விருந்துக்குக் குடுத்துட்டன். முதல் நாள் பின்னேரம் டீச்சர் போன் எடுக்கிறா: "காலையில ஆராதனை, விடியவே வந்து கட்டிடுங்க மனே."

இது பிழைச்சா கல்முனையில என்ட பேர் போச்சு, கிடைச்ச கோயிலும் போச்சு. மச்சான்ட காலைப் பிடிக்காத குறையாக் கேட்டன். கலியாண வீட்டில பெட்டி ஏற்கனவே பாடிக்கிட்டு இருக்கு.

"இதைக் கழட்டினா என்ட பொஞ்சாதி என்னையும் சேர்த்துக் கழட்டி அனுப்பிடுவா மச்சான்."

புனல்

மிச்சம் இருந்தது என்ட ஓட்டோவில கட்டியிருந்த பழைய புனல் ஸ்பீக்கர் ஒண்டுதான். ஊர்ல ஆராவது மௌத்தாகினா, இன்னார் இறந்துட்டார் எண்டு அதிலதான் அறிவிச்சுத் திரியிற. உள்ளுக்குக் கட்டினா டீச்சர் கொல்லுவா எண்டு பயந்து, வாசல் தூண்ல றோட்டைப் பார்க்கக் கட்டினன். அந்தப் புனலுக்கு ஒரு குணம் இருக்கு. பேச முதல் கிழவன் மாதிரி 'கர்ர்' எண்டு செருமும். அந்தச் செருமலைக் கேட்டா ஆரோ மௌத்து எண்டு ஊரே காதைத் தீட்டும்.

மைக்கைப் போட்டதும் புனல் செருமிச்சு. பிள்ளைகள் முதல் பாட்டைத் தொடங்கின கையோட, கேற்றடியில மோட்டர்சைக்கிள் வந்து நிண்டுது. பின்னால இன்னொண்டு. தொப்பி போட்ட நம்மட ஆக்கள், கொட்டுற மழையில தொப்பு தொப்பெண்டு நனைஞ்சு இறங்குறாங்க. முன்னுக்கு வந்த மீரான் காக்கா என்னைக் கண்டதும், "ஆரு மௌத்து? எத்தனை மணிக்கு அடக்கம்?" எண்டு சத்தமாக் கேட்டார். மைக் அதையும் பிடிச்சிட்டுது! பாட்டு நிண்டுது. முழுக் கோயிலும் திரும்பிப் பார்க்குது. யா அல்லாஹ், அந்த இடத்திலயே நிலம் பிளந்து என்னை விழுங்காதா எண்டு இருந்துது.

பாட்டுத் தாளோட டீச்சர் வாசலுக்கு நடந்து வந்தா. சரி, துலைஞ்சன் எண்டு நினைச்சன். என்னைப் பார்த்தா, புனலைப் பார்த்தா, மழையில கவலை முகத்தோட நிக்கிற அந்த ஆக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தா.

"ஒருத்தரும் மௌத்தாகல்ல மனே, ஒரு பிள்ளை பொறந்திருக்கு. நனையாம உள்ளுக்கு வாங்க, கேக் இருக்கு."

இப்ப அந்தக் கோயிலுக்கு நத்தார் எண்டா பெட்டி வேணாமாம், அந்தப் புனல்தான் வேணுமாம். ஊர்ல மௌத்து அறிவிக்க இனி நான்தான் புதுசா ஒண்டு வாங்கணும்.