அம்மனுக்கு முன்னால் ஒரு பந்தி

சிலை செதுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருப்பூரில் அவிநாசி பஸ் ஏறித் திருமுருகன்பூண்டியில் இறங்கினேன். எட்டு கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். ஞாயிறன்று பாதிச் சிற்பப் பட்டறைகள் பூட்டிக் கிடக்கும் என்று ஒரு புண்ணியவானும் எழுதித் தொலைக்கவில்லை. நான் எழுதிவிட்டேன்.

திறந்திருந்த இரண்டைப் பார்த்துவிட்டுச் சந்துக்குள் இருந்த சின்ன மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்கு உச்சிப் பூஜை, பிறகு சாப்பாடு என்றார்கள். பன்னிரண்டரை ஆகியும் மணி அடிக்கவில்லை. சாம்பார் வாசனை வேறு வயிற்றைக் கிள்ளியது.

மடப்பள்ளியை எட்டிப் பார்த்தால், கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு நாலைந்து பெண்கள் சோற்றை டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். மாரியம்மன் கோயிலில்! எங்கள் ஊரில் படையலுக்கு முன் ஒரு பருக்கையைத் தொட்டாலே ரகளைதான்.

"என்னங்க, சாமிக்குப் படைக்காமலே எடுக்கறாங்க?" என்று பூசாரியிடம் கேட்டேவிட்டேன்.

"படைச்சுட்டா அந்தப் புள்ளை சாப்புட மாட்டாளுங்க."

மீதியை அந்தப் பெண்களில் ஒருவரான ஜெயமேரி சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பனியன் கம்பெனியில் தைப்பவர்; நெருப்பெரிச்சலில் சர்ச் முடிந்து நேரே வந்திருந்தார்.

"ரெஹானா எங்க லைன்லதான் வேல பாத்தா. வெளிநாட்டுக்காரி, பேப்பர் இல்லன்னு போலீஸ்காரவ இருவது பேரோட கல்யாண மண்டபத்துல வச்சிருக்காவ. புருசன வேற எங்கயோ கொண்டுபோயிட்டாவ. அந்த வெசனத்துல ரெண்டு நாளா சோத்தத் தொடல. பாலு வத்திப்போயி கைப்பிள்ள அலறுது. நாங்க பிரியாணி கொண்டுபோனோம், கறி எப்படி அறுத்ததோன்னு தொடல. கோயில் பொங்கல், சாமிக்கு வச்சதான்னு கேட்டுட்டுக் கும்பிட்டுத் திருப்பிக் குடுத்துட்டா. அதான் படைக்கதுக்கு முன்னாடியே எடுத்துட்டுப் போங்கன்னு பூசாரி அண்ணாச்சி சொல்லிட்டாவ. டப்பாவப் பிடிக்க ஒரு கை கொறையுது, வாரீயளா?"

ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர். பெண் போலீஸ் மூடிகளைத் திறந்து பார்த்து உள்ளே விட்டார். நான் கேட்டிலேயே நின்றேன்.

கேட்டுக்கு நேரே, வாழை மரம் கட்டுகிற தூணில் சாய்ந்து ஒரு சின்னப் பெண், மடியில் குழந்தை. ஜெயமேரி டப்பாவைத் திறந்து, தான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டி, "பூஜா நஹி, ரெஹானா. பஹ்லே தும்" என்றார். பூஜை இல்லை, முதலில் உனக்கு. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை நீட்டினாள். பாதிச் சாப்பாட்டிலேயே அழுகிற குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அழுகை நின்றது. எத்தனை கோயில் பார்த்தவன் நான், இப்படி எங்கேயும் கும்பிடத் தோன்றியதில்லை.

திரும்பும்போது மணி ஒன்றரை. சன்னதித் திரை இன்னும் மூடியே இருந்தது. பூசாரி வாசலில் நின்றார்.

"சாப்புட்டாளா?"

"சாப்பிட்டாங்க."

உள்ளே போய் மணி அடித்தார்.

மண்டபத்தில் இருப்பவர்களை அடுத்து எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. போகிறவர்களுக்கு ஒன்று: சிலை பார்க்க வாரநாளில் போங்கள். கோயிலுக்கு உச்சிப் பூஜை பார்க்கப் போனால் பன்னிரண்டு மணிக்கே நின்று அவசரப்படுத்தாதீர்கள். மண்டபத்துக்குப் போன ஆட்டோ திரும்பினால்தான் அம்மனுக்குச் சாப்பாடு.