சஹனில் என் பங்கு

போன ஞாயிறு யட்டவத்தையில் என் மாமியாரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். நடந்தது இதுதான்:

1. என் பங்கு ஒரு கோப்பைச் சோறு, ஒரு துண்டு கோழி... அவ்வளவுதான் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

2. பெண்கள் பக்கத்தில் ஆறு பேருக்கு ஒரு சஹன் வைத்தார்கள். பெரிய தட்டு, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிட வேண்டும்.

3. நெய்ச்சோற்றில் ஆறில் ஒரு பங்கை மனதுக்குள் கோடு போட்டுப் பிரித்தேன். அதிலும் பாதியை ஒதுக்கினேன்.

4. கால் மணி நேரம் சாப்பிட்டேன். என் பங்கு குறையவே இல்லை.

நான் ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர். மருந்துப் பொடியை நிறுத்து, மடித்துக் கொடுப்பவள். வீட்டிலும் நான்கு மாதமாகச் சோற்றை அளந்துதான் போட்டுக்கொள்கிறேன். எனக்கா கணக்குத் தப்பும்?

எங்கள் வழக்கத்தை மறந்துவிட்டேன். சஹனில் நல்ல துண்டு கண்ணில் பட்டால் நாமே எடுக்க மாட்டோம். யார் மேல் பிரியமோ அவர் பக்கம் தள்ளிவிடுவோம். அன்று ஐந்து பேருக்கும் பிரியம் என் மேல். கல்யாணமாகி நான்கு வருடம்; இரண்டு முறை கர்ப்பம் தங்காமல் போனவள் — வேறு யார் பக்கம் தள்ளுவார்கள்?

நான் எடையைக் குறைப்பதும் அதற்காகத்தான். பிரஷர் இருக்கிறது, பதினைந்து ராத்தல், கிட்டத்தட்ட ஏழு கிலோ, குறைந்த பிறகு பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்றார் டொக்டர். இது என் கணவருக்கு மட்டும் தெரியும். மாமியிடம் சொன்னால் மறுபடியும் வீடெல்லாம் அதே பேச்சாகிவிடும் என்று மறைத்து வைத்திருந்தேன்.

ஏலமும் கறுவாவும் மணக்கும் சோறு. நான்கு மாதமாக ஏங்கிய சோறு. அதன் மேல் மாமி ஒரு கோழித் தொடையை வைத்தார்.

“தின்னுங்க மகள். எலும்பும் தோலுமா இருந்தா எப்படிப் புள்ள தங்கும்?”

நூற்று அறுபது ராத்தல் இருக்கிற என்னைப் பார்த்து இப்படிச் சொல்ல மாமியால்தான் முடியும். இனித் தப்ப வழியில்லை.

“மாமி, டொக்டர் எடையக் குறைக்கச் சொல்லியிருக்கார். பிரஷர் எறங்கணுமாம். அதுக்குப் பொறகுதான் புள்ளயாம்.”

சஹனைச் சுற்றி ஐந்து கைகளும் அப்படியே நின்றன.

“மொதல்லயே சொல்லியிருந்தா அந்தத் தொடைய நான் தின்னிருப்பேனே மச்சி” என்றாள் எதிரில் இருந்த கணவரின் தங்கை.

மாமி சிரிக்கவில்லை. தொடையைத் திருப்பி எடுத்து அவள் பக்கம் போட்டார். பிறகு என் முன்னால் இருந்த சோற்றை விரல்களால் தன் பக்கம் இழுத்தார். மற்ற நால்வரும் ஆளுக்குக் கொஞ்சம் இழுத்தார்கள். தட்டின் வெறும் பரப்புத் தெரிந்தது. ஒரு பிடி சோறு மிஞ்சியது. அதை மெதுவாக, மிக மெதுவாக மென்றேன். கடைசியில் இனிப்புக்கு வந்த வட்டிலப்பமும் யாரும் சொல்லாமலே என்னைத் தாண்டிப் போனது. என் கண்கள் அதோடு கொஞ்ச தூரம் போய் வந்தன.

தனியாக உட்கார்ந்து அளந்து சாப்பிடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. அன்போடு தள்ளிவிடும் சோற்றை எந்தத் தராசில் நிறுப்பது? பத்தியம் இருப்பவள் பக்கத்தில் இருப்பவர்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். வாயைக் கட்டுவதைவிட வாயைத் திறப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்று வரை ஒன்பது ராத்தல் குறைந்திருக்கிறது. இன்னும் ஆறு. பசிக்கிறது.