இருட்டறைக்கு வந்த காவலர்

அரிசோனாவில் எங்கள் ஊர்ச் சிறையை மூடியபின் அங்கே சில வருஷம் பள்ளிக்கூடம் நடந்தது, பிறகு காலியாகக் கிடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் ஊரே வேலையிழந்தபோது, வீடு போன நாங்கள் அறைக்கொரு குடும்பமாக அதில் குடியேறினோம்.

இருபது வருஷம் அங்கே காவலராக இருந்து கைதிகளை வதைத்த ஹைரம் டாக்கெட்டும் ஒரு மத்தியானம் வந்து நின்றார். வெயிலில் சுருண்டுவிட்ட மனைவியைத் தோளில் சுமந்திருந்தார்.

பாறையைக் குடைந்த தண்டனை அறை மட்டும்தான் அங்கே குளிர்ச்சி. அதில் இப்போது குடியிருந்தவர் பழைய கைதி பரேலா. அதே அறையில் அவரைப் பதினொரு நாள் இருட்டில் பூட்டிவைத்தவர் இந்த டாக்கெட்.

"என்ன சார், சாவிக்கொத்து எங்க?" என்றார் பரேலா.

"இவ செத்துருவாய்யா."

நானாக இருந்தால் காறித் துப்பியிருப்பேன். பரேலா கம்பளியை விரித்தார்.

"உள்ள படுக்க வைங்க. கதவ மட்டும் சாத்திராதீங்க."