அலுமாரியின் மற்றப் பக்கம்

வில்லரேயில் நான் அறை எடுத்திருந்த வீட்டில், பக்கத்து அறையில் ஒரு மட்டக்களப்பு மனிதர் இருந்தார். நல்ல உயரம், கொஞ்சம் கூனல். வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் டொலர் கடைக்குப் போய் ஏதாவதொரு பிளாஸ்டிக் பெட்டியோடு திரும்பி வருவார்.

ஒருநாள், அலுமாரித் தடி கழன்றுவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார். அப்போதுதான் அதன் உள்ளே பார்த்தேன். அவருடைய நாலைந்து உடுப்புகள் ஒரு மூலையில் நெருக்கியடித்துக் கிடந்தன. மிச்ச இடமெல்லாம் ஊரிலிருந்த மனைவிக்கும் மகளுக்கும். அங்கே மூடி போட்ட வெறும் பெட்டிகளும், தொங்கவிடும் துணித் தட்டுகளும், ஒரு கட்டுக் குட்டி ஹாங்கர்களும் இருந்தன. அவருடைய அகதி வழக்கு மறுபடியும் தள்ளுபடியானது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தடியைப் பூட்டிவிட்டுக் கேட்டேன்.

“அண்ணை, மகளுக்கு இப்ப என்ன வயசு?”

“பதினாலு.”

“அப்ப இந்த ஹாங்கர் காணாதே. சட்டை வழுகி விழுந்திடும்.”

“தெரியும் மனே. பெரிசும் கடையில கிடந்தது, எடுத்துப் பாத்தனான்.” ஒரு குட்டி ஹாங்கரைத் தடியில் கொழுவினார். “நான் வரக்குள்ள அவளுக்கு மூண்டு வயசு. மற்ற அளவு எனக்குத் தெரியாது.”

மிச்சத்தையும் கொழுவி முடித்துவிட்டு, உள்ளே யாரோ நித்திரை கொள்வதுபோல, அலுமாரிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.