வேளாண்மை வெட்டு முடியட்டும்

விவசாயிகள் அறுவடை மெஷினை வாடகைக்குப் பதிவு செய்யும் எங்கள் ஆப்புக்கு ஒரு தொழில்நுட்பப் பொறுப்பாளர் தேவை. இன்று காலை கல்முனைத் தேநீர்க் கடையில் நஸ்மியாவைச் சந்தித்தோம். அவள் சேரத் தயார்.

நெல் அறுவடைக் காலம் என்று என் தொழில் பங்காளி றிபாஸ்தான் இழுத்தடித்தான். "வேளாண்ம வெட்டு முடியட்டும் தங்கச்சி, பொறகு பாப்பம்."

அந்நேரம் பார்த்து இறக்காமத்து விவசாயி ஒருவரின் அழைப்பு.

"மனே, உங்கட ஆப் ஒரே மெஷின ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கு. வயலுக்குள்ள சண்டை. மழையும் கறுத்துக்கிட்டு வருது!"

ஆப் செய்து தந்தவர் கத்தாரில். மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை.

றிபாஸ் நஸ்மியாவின் பக்கம் திரும்பினான். "தங்கச்சி, இண்டைக்கே சேர ஏலுமா?"

நஸ்மியா பையைத் தோளில் மாட்டினாள்.

"வெட்டு முடியட்டும் றிபாஸ் காக்கா. பொறகு பாப்பம்."

இறக்காமம் பக்கம் மெஷின் ஏதும் சும்மா நின்றால் உடனே கொமெண்டில் சொல்லுங்கள். தயவுசெய்து ஆப்பில் பதிய வேண்டாம்.